நாலு மீட்டர் தள்ளி

"ஒண்ணு..."

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல்.

ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில், கார்த்திகைத் தூறலுக்குத் துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, விருதுநகர் பஸ்ஸுக்காக நின்றிருந்த பாண்டிச்செல்விக்குப் பிடரி சிலிர்த்தது.

"ரெண்டு..."

இது போனுக்குள் இருக்கிற குரலாச்சே... வெளியே எப்படி வந்தது? கை தன்னால் காதைத் தடவிப் பார்த்தது. ஹெட்போன் இல்லை!

"மூணு..."

அதற்கு அடுத்தது என்ன என்பது அவளுக்கு மனப்பாடம். பத்து வாரமாக அந்தக் குரல் மூன்று என்று சொன்ன பிறகு ஒரே ஒரு காரியம்தான் நடந்திருக்கிறது.

"ஓடுங்க... எல்லாரும் ஓடுங்க... வெடிக்கப் போவுது!"

அலறிக்கொண்டே இரண்டு காதையும் பொத்தி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேறு ஊராக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கூட்டம் கூடியிருக்கும். இது பட்டாசு ஊர். ஏன், எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற நேரத்தில் பாதி தூரம் ஓடிவிடலாம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையோடு ஓடைக்குள் குப்புற விழுந்தார்கள். முருங்கைக்காய்க்காரி கூடையைப் போட்டாள். டீக்கடை நாகையா மட்டும் ஒரு நொடி நின்று, அடுப்பை அணைத்துவிட்டு, அதற்குப் பிறகு ஓடினார். சேற்றில் சிக்கிய ஆட்டோவைத் தள்ளிக்கொண்டிருந்த நாலு பேரில் மூன்று பேர் காணாமல் போனார்கள். நாலாவது ஆள் மட்டும் தோள் கொடுத்தபடி தனியே மாட்டிக்கொண்டான். ஆட்டோ மெதுவாகப் பின்னால் உருண்டு, அவனைச் சேற்றுக்குள் உட்கார வைத்துவிட்டு, பழைய பள்ளத்துக்கே போய்ச் சேர்ந்தது.

பிறகு... ஒன்றுமில்லை. தூறல் மட்டும் சொட்டியது.

பாண்டிச்செல்வி ஒரு கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். எதிரே தலையிலிருந்து கால் வரை சேறாக ஓர் உருவம் எழுந்து நின்றது. பல்லும் கண்ணும்தான் வெள்ளை.

"ஏம்மா... எங்கன வெடிக்கப் போவுதுன்னு கொஞ்சம் காட்டுறீகளா? நானும் பாத்துக்கிடுறேன்."

அதே குரல்! கொஞ்சம் கரகரப்பு... வாக்கியத்தின் கடைசியில் ஒரு சிரிப்பை அடக்கிக்கொள்கிற தோரணை... சந்தேகமே இல்லை.

நாகையா எச்சரிக்கையாகத் திரும்பி வந்தார். "என்னலே முனியராசு, ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஆட்டோ தள்ள எண்ணுனேன். அதுக்கு இந்தப் பொண்ணு..." சட்டையிலிருந்து சேற்றை வழித்து உதறினான். "சரி... டீ வந்துருச்சா?"

அவ்வளவுதான். போனில் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் வருகிற அதே கேள்வி! செல்விக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. சிரிப்போடு சேர்ந்து கண்ணீரும் வந்தது.

"நாலு மீட்டர் தூரம். காத்து கிழக்க. அணுகுண்டு, ஏழாவது..." என்று அந்தக் குரல் சொல்வதை அப்படியே ஒப்பித்தாள். "ஏழாவதுக்கு அப்புறம் தும்முனீகளே... சளி சரியாப் போச்சா?"

இப்போது தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு.

*

பஸ்ஸில் ஏறியபோது அவன் நாகையாவின் பழைய சட்டைக்குள் இருந்தான். சட்டை இரண்டு ஆளுக்குக் காணும். மடியில் தகரப் பெட்டி ஒன்று. சத்தத்தை அளக்கிற மீட்டராம். அதைப் பழுது பார்க்கத்தான் விருதுநகர் போகிறானாம். ஏறும்போது கவனித்தாள்... வாசற்படிக் கம்பியை உள்ளங்கையால் ஒரு முறை அழுத்தித் தொட்டுவிட்டுத்தான் பெட்டியை எடுத்தான்.

"சாமி கும்பிடுறீகளா?"

"எர்த்து விடுறேன்," என்றான் வெட்கத்தோடு. "வெடிமருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முந்தி தகட்டத் தொட்டு, உடம்புல இருக்க கரண்ட இறக்கிட்டுத்தான் போவோம்ல. பளகிப்போச்சு. பத்திரமா வச்சுக்கிட வேண்டிய எதையும் இரும்பத் தொடாமத் தொட மாட்டேன்."

அவளுக்கும் தெரியும் அந்தத் தகடு. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை தினமும் தொட்டவள்தான்.

முனியராஜ் பட்டாசு கம்பெனியில் சத்தம் சோதிக்கிறவன். வெடியை மைதானத்தில் வைத்து, நாலு மீட்டர் தள்ளி மீட்டரை நிறுத்தி, எண்ணிப் பற்ற வைத்து, அளவைக் குறித்துக்கொள்வான். ஒரு டாக்டரம்மா சத்தங்களைப் பதிந்து தரச் சொல்கிறார் என்று முதலாளி சொன்னார். பதிந்து கொடுத்தான். எதற்கென்று தெரியாது.

"பாட்டுக் கேக்க வேண்டிய வயசுல ஏங்க வெடிச்சத்தத்தக் கேக்குறீக?"

சொல்லலாமா? அக்காவிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறாள். ஆனால் பத்து வாரமாக இந்தக் குரலோடுதானே ஒரு பாயில் உட்கார்ந்து வியர்த்திருக்கிறாள்... இவனுக்குத் தெரியாதா தன்னை?

சொன்னாள். அவள் வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து அறை வெடித்த நாளை. தண்ணீர் எடுக்க வெளியே வந்திருந்ததால் தனக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் போனதை. அந்த அறையில் இருந்த நாலு பேர் பெயரையும் சொன்னாள். அதன் பிறகு குக்கர் விசில், கதவு, பஸ் ஹாரன் எல்லாமே அந்தச் சத்தமாகவே கேட்கிறது. முடிந்துவிட்டது என்று மனசு சொல்கிறது, உடம்பு நம்பமாட்டேன் என்கிறது.

"அதுகூடப் பரவாயில்ல..." ஜன்னல் கம்பியில் வழிந்த மழைத்துளியை விரலால் தொட்டுக்கொண்டே சொன்னாள். "எங்க அக்கா மக பிரீத்திகா. அப்ப நாப்பது நாள் பிள்ளை. கையில வச்சிருந்தேன். பக்கத்து வீட்டுல குடம் விளுந்துச்சு. விட்டுட்டேன்."

முனியராஜ் மடியிலிருந்த பெட்டியை இறுகப் பிடித்தான்.

"கட்டில்ல துணிக் குவியல் மேல விளுந்துச்சு. ஒண்ணும் ஆகல. ஆனா அன்னைல இருந்து நான் அவளைத் தொடல. ஏளு மாசமாச்சு. தை மாசம் அவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வைக்கணும்ல... எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அத்தான் வீட்டுல ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தரச் சொல்றாக. அக்கா கேக்க மாட்டேங்கிறா. 'என் கூடப் பிறந்தது அவ ஒருத்திதான். அவ மடியில இல்லாட்டி எம்பிள்ளைக்குக் காதே குத்தல'ங்கிறா. கோயில்ல வேட்டு வேற போடுவாக..."

"அதுக்குத்தான் இந்தப் பாடா?"

"ம்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. எதிரே லாரி. ஓட்டுநரின் கை நகர்வதை முனியராஜ் பார்த்தான்.

"ஹாரன் அடிக்கப் போறாரு," என்றான் மெதுவாக. "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

பாம்ம்ம்!

அவள் தோள் உயர்ந்தது. இறங்கியது. அவ்வளவுதான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். மழை வெளிச்சத்தில் அந்தக் கண்கள்... இமை ஓரத்தில் ஒரு துளி நிற்கிறதா, விழுகிறதா என்று தெரியாமல் முனியராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விருதுநகர் வந்ததுகூடத் தெரியவில்லை. நடத்துநர் வந்து, "ஏம்ப்பா, பஸ்ஸ டெப்போவுக்குக் கொண்டு போகணும்," என்ற பிறகுதான் இறங்கினார்கள்.

*

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்த மீட்டர் பழுதானது!

"போன வாரந்தான சரி பண்ணுனீக?"

"இந்த வாரம் முள்ளு ஆடுது."

"அதுல முள்ளே கிடையாது... நம்பர்தான ஓடுது?"

"நம்பர் ஆடுது," என்றான் முனியராஜ் அசராமல்.

அவளுக்குச் சூலக்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆலோசனை மையத்தில் சிகிச்சை. அங்கே வாசல்வரை வந்து, அவள் வெளியே வரும்வரை எதிர்க் கடையில் வாங்கிய எண்ணெய்ப் பரோட்டாவை ஆறவிட்டுக் காத்திருப்பான். வழியெல்லாம் எண்ணுவான். கடைக்காரர் ஷட்டரை இழுக்கப் போகிறார்... ஒண்ணு, ரெண்டு, மூணு. மிளகாய் மண்டியில் மூட்டையை இறக்கப் போகிறார்கள்... ஒண்ணு, ரெண்டு. சத்தம் அடங்கியதும், "டீ வந்துருச்சா?" என்பான். டீக்கடையே இல்லாத இடத்திலும்!

அவளுக்கு அது என்னவாக இருந்தது என்று யாருக்கும் விளக்க முடியாது. மூன்று வருஷமாக உலகம் அவளைச் சொல்லாமல் கொள்ளாமல் அடித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு மனிதன் அவளுக்கு முன்னால் நடந்துபோய் ஒவ்வொரு சத்தத்திடமும், கொஞ்சம் பொறு, அவளிடம் சொல்லிவிட்டு வா என்று நிறுத்தி வைக்கிறான். ஒரு பெண்ணுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

சிகிச்சை தருகிற டாக்டர் லட்சுமிகாந்தம் மேடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பதட்டம் நூற்றுக்கு எவ்வளவு? அதையும் அவன் கற்றுக்கொண்டுவிட்டான்.

"இப்ப எம்புட்டு?"

"இருபது."

"நான் வர்றதுக்கு முந்தி?"

"பத்து," என்றாள் குறும்பாக.

அவன் முகம் விழுந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பு இப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

*

லட்சுமிகாந்தம் மேடம் சிரிக்கவில்லை. சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்த அறையில்தான் செல்வி கண்ணை மூடி, அந்த நாளை முதலிலிருந்து கடைசிவரை, நடக்கிறதுபோலவே, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினாள். முதல் வாரம் பாதியில் வாந்தி எடுத்தாள். இப்போது கடைசிவரை சொல்ல முடிகிறது. அழுதுகொண்டாவது.

"செல்வி, உன்னைப் போன மாசம் வீடியோ எடுத்தேன்ல. இப்ப மெதுவா ஓட்டுறேன். பாரு."

திரையில் அவளே. சத்தம் வருகிறது. முதலில் இமை மூடுகிறது. கண்தான் முதல் ஆள். பிறகு கழுத்து உள்ளே இழுக்கிறது, தோள் ஏறுகிறது, வயிறு சுருங்குகிறது.

"கையைக் கவனி. எந்தப் பக்கம் போகுது?"

"உள்ளுக்குள்ள... மார்போட மடங்குது."

"வெளிய எறியலயே?"

செல்வி திரையை நோக்கிக் குனிந்தாள்.

"துள்ளும்போது உடம்பு எதையும் விடாது. இறுக்கத்தான் செய்யும். இப்ப அடுத்ததைப் பாரு."

திரையில் அந்தக் கை, மெல்ல, மார்பிலிருந்து பிரிந்து... காதை நோக்கிப் போனது.

"குழந்தை விழுந்தது நீ துள்ளினதால இல்லம்மா. துள்ளினதுக்கு அப்புறம் காதைப் பொத்தப் போனியே, அதனால."

எட்டு மாசமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று புரண்டு படுத்ததுபோல் இருந்தது. அழக்கூடத் தோன்றவில்லை.

"துள்ளுறது வியாதி இல்ல. எனக்கும் துள்ளும். உனக்குக் குறையும், ஆனா முழுசாப் போகாது. துள்ளினது இறங்கணும். முதல்ல உன் நாடித்துடிப்பு இறங்க இருபது நிமிஷம் ஆச்சு. இப்ப மூணு நிமிஷம். ஆனா..." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பையன் எண்ணும்போது மட்டும்தான் மூணு. எண்ணாம போட்டுப் பார்த்தேன்ல, பதினஞ்சு. உன் உடம்பு அவனைத்தான் நம்புது. உன்னை நம்பல. காதைப் பொத்துறதும் அவன் எண்ணுறதும் ஒண்ணுதான். கோயில்ல வேட்டுப் போடுறவன் எண்ணிட்டா போடுவான்?"

"அப்ப..."

"இனிமே எண்ணிக்கை இல்லாத பதிவுதான். முன்னால குரல் கிடையாது. பின்னால டீயும் கிடையாது."

வெளியே வந்தபோது அவன் நின்றிருந்தான். கையில் பொட்டலம். கண்ணில் அந்தச் சிரிப்பு.

அவனைப் பார்த்ததும் மனசு துள்ளியதே... இது என்ன? மருந்தைக் கண்ட நோயாளியின் துள்ளலா? காலொடிந்தவள் ஊன்றுகோலைக் காதலிப்பாளா? நடை வந்த பிறகு கோலை மூலையில் சாத்திவிடுவாளே... அப்படிச் சாத்திவிட்டால் இவன் என்ன ஆவான்? நான் என்ன ஆவேன்?

தெரியாமல் இவனுக்குக் கை நீட்டக் கூடாது. அது பாவம்.

"முனியராஜ்... இனிமே எண்ணாதீக."

"சரி, மனசுக்குள்ள எண்ணிக்கிடுறேன்."

"வரவும் வேணாம். காதுகுத்து முடியிற வரைக்கும்."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. "நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

"நீங்க பண்ணல. உங்க குரலு இருந்தா எனக்குச் சரியாகாதாம்."

அதை இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

"அப்படியா..." பொட்டலத்தை அவள் பக்கத்துத் திட்டில் வைத்தான். "குரலுதான வேணும்னு வந்தீக. குரலு வேணாம்னதும் ஆளும் வேணாம். சரிங்க. எங்களுக்கும் சீசன் ஆர்டர் கிடக்கு. மீட்டரும்... நல்லாத்தான் ஓடுது."

திரும்பி நடந்தான். பஸ் கம்பியைத் தொடாமலே ஏறினான்.

*

ஆறு வாரம்.

செல்வி எண்ணிக்கை இல்லாத பதிவைக் கேட்டாள். எப்போது வரும் என்று தெரியாத சத்தம்... அரைமணி நேர மௌனத்தில் எங்கேயாவது ஒன்று. மடியில் ஒரு தலையணை. விதி ஒன்றே ஒன்று... கை தலையணையை விடக் கூடாது. முதல் நாள் தலையணை மூன்று முறை தரையில் கிடந்தது. இரண்டாம் வாரம் ஒரு முறை. நாலாம் வாரம் அக்கா எழில் வேண்டுமென்றே பின்னால் வந்து தாம்பாளத்தைப் போட்டாள்.

"அடியே, ஏண்டி இப்படிப் பண்ற!" என்று கத்தினாள் செல்வி. தலையணை மார்போடு இறுகியிருந்தது.

எழில் அதையே பார்த்தாள். பிறகு தலையணையை உருவிவிட்டு, அந்த இடத்தில் பிரீத்திகாவை வைத்தாள்.

ஒன்பது மாசத்துக்குப் பிறகு... பால் வாசனை, பவுடர் வாசனை, மூக்கைப் பிடித்து இழுக்கிற குட்டி விரல்கள். அக்காவும் தங்கையும் மாறி மாறி அழுதார்கள். பிரீத்திகா இரண்டு பேரையும் வேடிக்கை பார்த்தாள்.

நாடித்துடிப்பு நாலு நிமிஷத்தில் இறங்குகிறது என்றார் மேடம். எண்ணிக்கை இல்லாமல். அவள் உடம்பு அவளை நம்பத் தொடங்கியிருந்தது.

எல்லாம் இறங்கியது. ஒன்றைத் தவிர. டீக்கடையைத் தாண்டும்போது... தகரப் பெட்டியோடு யாராவது ஏறும்போது... நெஞ்சு எகிறும். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அன்றைக்கு முழுக்க. இறங்கவே இறங்காது.

"மேடம், குணமானப்புறம் மருந்தை நிறுத்தினா உடம்பு தேடாதுன்னீங்களே?"

"தேடாது."

"தேடுதே..."

லட்சுமிகாந்தம் மேடம் முதல் முறையாகச் சிரித்தார். "அப்ப அது மருந்து இல்லம்மா."

போன் செய்ய விரல் போகும். பஸ் கம்பியைத் தொடாமல் ஏறிய அந்த முதுகு நினைவுக்கு வரும். விரல் திரும்பிவிடும். நான்தானே வேண்டாம் என்றேன்... எந்த முகத்தோடு?

*

தை வெள்ளி. ஊருக்கு வெளியே குலசாமி கோயில். வேலமர நிழல், பொங்கல் புகை, சொந்தபந்தக் கூச்சல். வெயில் புதுசாக அடித்தது.

மொட்டைத் தலையில் சந்தனம் மின்ன, பிரீத்திகா சித்தி மடியில் பட்டுப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். "பொம்பளை மடியிலயா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எழில் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். முணுமுணுப்பு அடங்கியது.

"வேட்டு எப்ப?" செல்வி கேட்டாள்.

"ரெண்டு காதும் குத்தி முடிச்ச பிறகுதான்," என்றார் அத்தான். "வேட்டுப் போடுறவன்கிட்ட கண்டிசனாச் சொல்லியாச்சு. மரத்துக்கு அங்கிட்டு நிக்கான். பிள்ளை அளுகுற சத்தம் கேட்டதும் திரியில வைப்பான்."

ஆசாரி வலது காதில் குங்குமப் புள்ளி வைத்தார். தங்கக் கம்பியை நிமிர்த்தினார். ஒரே குத்து. பிரீத்திகா வீரிட்டாள்.

அங்கேதான் கணக்குத் தப்பியது. வலது காதுக்கே பிள்ளை அழுதுவிடும் என்று யாரும் யோசிக்கவில்லை. அழுகையைக் கேட்ட வேட்டுக்காரர், முடிந்தது என்று திரியில் நெருப்பை வைத்தார்.

ஆசாரியின் கம்பி இடது காதின் புள்ளியில் தொட்டு நின்றது. செல்வி குனிந்து குழந்தையின் தலையைத் தன் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள். மரத்துக்குப் பின்னால் புகைந்த திரியை அவள் பார்க்கவில்லை.

டம்ம்ம்!

இமை மூடியது. கழுத்து உள்ளே போனது. தோள் ஏறியது. அந்த ஒரு நொடிக்குள் மூன்று வருஷமும் வந்து நின்றது... புகை, கந்தக வாசனை, நாலு பெயர்கள். கை துடித்தது, காதுக்குப் போகவா என்று.

போகவில்லை!

கை மடங்கியது. இறுகியது. குழந்தையின் தலை அவள் கழுத்துக்குழியில் பாறைபோல அசையாமல் நின்றது. பிரீத்திகாவும் துள்ளினாள். குட்டிக் கைகள் விரிந்தன, மூடின, சித்தியின் தாலியில்லாத கழுத்தைக் கட்டிக்கொண்டன. அவள் துள்ளி அடங்குவதைத் தன் நெஞ்சிலேயே உணர்ந்தாள் செல்வி. ஓ... இவ்வளவுதானா? பிறந்த பிள்ளைக்குத் தெரிந்தது எனக்கு மறந்திருந்ததா?

ஆசாரியின் கைதான் பின்வாங்கியிருந்தது.

"குத்துங்க ஆசாரி," என்றாள் செல்வி. குரல் தெளிவாக வந்தது. "பிள்ளையப் பிடிச்சிருக்கேன். பயப்படாமக் குத்துங்க."

குத்தினார். குலவை எழுந்தது.

கண்ணைத் திறந்தாள். வேலமரம் அதன் இடத்தில் இருந்தது. புகை காற்றில் கலைந்துகொண்டிருந்தது. காக்கைகள் திரும்பி வந்து உட்கார்ந்தன. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"டீ வந்துருச்சா?"

"வந்துருச்சு," என்றது ஒரு குரல் பின்னாலிருந்து. கொஞ்சம் கரகரப்பாக. "ஆறிப் போவுது."

தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள்.

நாகையாவின் பெரிய டீ டிரம்மைத் தூக்கிக்கொண்டு முனியராஜ் நின்றிருந்தான். கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"எப்ப வந்தீக?"

"குங்குமம் வைக்கும்போதே. அண்ணாச்சிக்கு இன்னிக்கு இங்கனதான் டீ ஆர்டர். தூக்க ஆள் வேணும்னாக. நாலு மீட்டர் தள்ளித்தான் நின்னேன்."

குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். "உதட்டுல என்ன?"

"திரி புகையிறதப் பாத்துட்டேன்." அவன் தரையைப் பார்த்தான். "'ஒண்ணு' நாக்கு நுனிக்கு வந்துருச்சு. கடிச்சுக்கிட்டேன். நீங்க வேணாம்னீகள்ல..."

இத்தனை நாள் அவளுக்காக எண்ணியவன், அவளுக்காகவே எண்ணாமல் நின்றிருக்கிறான். எது பெரிசு?

"அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனேன்," என்றான். "வீட்டுக்குப் போய் உக்காந்து யோசிச்சேன். நான் நல்லா எண்ணுறேங்கிற பெருமை எனக்கு. உங்களுக்குக் குணமாகுறதவிட அது பெருசாப் போச்சு. வெக்கமா இருந்துச்சு. அதான் போன்கூட..."

"எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. நானும் பண்ணல."

நாகையா வந்து டிரம்மை வாங்கிக்கொண்டார். "பேசுறவங்க தள்ளி நின்னு பேசுங்கப்பா, சனங்க டீக்கு நிக்காக," என்று சொல்லிவிட்டு, தானே தள்ளிப்போனார்.

"இப்ப எம்புட்டு?" என்றான் முனியராஜ் மெல்ல.

அவள் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். "வேட்டுக்கு எளுவது. அது அப்பவே இறங்கிருச்சு."

"நல்லது..."

"உங்களால தொண்ணூறு. ஆறு வாரமா இறங்க மாட்டேங்குது." கண்ணை உயர்த்தினாள். "மருந்துன்னு நெனச்சு நிறுத்திப் பாத்தேன். மருந்து இல்லையாம். இப்ப எனக்கு எண்ண ஆள் வேணாம், முனியராஜ். நானே நின்னுக்கிடுவேன். ஆனா... நீங்க வேணும்."

அவன் முகத்தில் பொழுது விடிந்தது. கையை நீட்டினான்... பாதியில் நிறுத்தினான். அங்கும் இங்கும் எதையோ தேடினான்.

"என்ன தேடுறீக?"

"இரும்பு..."

சாமிக்கு முன்னால் நட்டிருந்த சூலாயுதம் கண்ணில் பட்டது. ஓடிப்போய் உள்ளங்கையை அதில் அழுத்தினான். திரும்பி வந்து, அவள் விரல்களைப் பிடித்தான். எழிலும், ஆசாரியும், பாதி ஊரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டுமே!

தொண்டையைச் செருமிக்கொண்டான். "செல்வி... ஒண்ணு... ரெண்டு..."

"எண்ணாதீக," என்றாள். "எண்ணாமச் சொல்லுங்க."

"நாலு மீட்டர் தள்ளி நிக்க இனிமே என்னால முடியாது. உங்களைக் கட்டிக்கிடணும் எனக்கு."

அந்த வார்த்தை அவளைத் தூக்கியது... வாரியது...

போடவில்லை.